நாமே ஃப்ரீஹோல்டர் என்றால் கிரவுண்ட் ரென்ட் யாருக்கு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் பழைய விக்டோரியன் வீட்டை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்த பிளாட்டை வாங்கி, கூடவே ஃப்ரீஹோல்டிலும் (கட்டடத்துக்கும் அது நிற்கும் நிலத்துக்கும் உள்ள நிரந்தர உரிமை) பங்கு வைத்திருப்பவர்கள், கிரவுண்ட் ரென்ட் (லீஸ்படி பிளாட்டுக்காரர் ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை) பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் பிளாட்டை நேரடியாகவே சொந்தமாக வாங்குவதால் அங்கே இந்தப் பிரச்சினை கிடையாது.

நாங்கள்தானே ஃப்ரீஹோல்டின்ர சொந்தக்காரர். பிறகு ஏன் கிரவுண்ட் ரென்ட் கட்டவேணும்?

உங்களிடம் இருப்பது ஒரு சொத்து அல்ல, இரண்டு. ஒன்று, உங்கள் பிளாட்டின் லீஸ், அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அதை வைத்திருக்கும் உரிமை. அது உங்கள் பெயரில் மட்டும் இருக்கும். மற்றது, கட்டடத்தின் ஃப்ரீஹோல்ட். அது உங்கள் எல்லோருக்கும் கூட்டாக, அல்லது நீங்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனிக்குச் சொந்தம். சொத்துகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியிலும் இவற்றுக்குத் தனித்தனி எண், தனித்தனிப் பதிவேடு.

ஃப்ரீஹோல்டை வாங்கியதால் லீஸ் தானாக அழிந்துவிடாது. லீஸில் "ஆண்டுக்கு 100 பவுண்டு வாடகை" என்று இருந்தால் அந்தக் கடமை அப்படியே உயிரோடு இருக்கும். முன்பு வெளியார் ஒருவருக்குப் போனது, இப்போது நீங்களும் சேர்ந்த கூட்டத்துக்குப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம். வாடகையே வேண்டாம் என்றால் முறையாக எழுதி நீக்க வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

எவ்வளவு கட்டணும்னு எங்கே பார்க்கிறது?

லீஸில் மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் தொகையையோ, விற்பனை விளம்பரத்தில் போட்டிருந்த தொகையையோ நம்ப வேண்டாம். லீஸ் கையில் இல்லையென்றால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் நகல் வாங்கலாம். பதிவேட்டு நகல் ஒன்றுக்கு 7 பவுண்டு. லீஸின் நகலையும், பின்னால் லீஸின் விதிகளைத் திருத்திப் போட்ட மாற்றப் பத்திரங்கள் இருந்தால் அவற்றின் நகலையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கூகுளில் முதலில் வரும் தளங்கள் பல இடைத்தரகர்களுடையவை. அதே நகலுக்குப் பல மடங்கு கேட்பார்கள். அரசின் தளத்துக்கே போங்கள்.

லீஸில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தொகை, கட்ட வேண்டிய தேதி, உயர்வு விதி. தேதி பெரும்பாலும் மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்ற பழைய காலாண்டு நாட்களில் ஒன்றாக இருக்கும். உயர்வு விதியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். 100 பவுண்டு, 10 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு என்றால் 30 ஆண்டில் 800 பவுண்டு. இப்படிப்பட்ட லீஸுக்கு மோர்கேஜ் கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும். வாடகை வீட்டு மதிப்பில் 0.1 சதவீதத்தைத் தாண்டினாலே கேள்வி கேட்கும் வங்கிகள் உண்டு.

ஒருத்தரும் இதுவரை கேட்கவில்லை. கட்டாமல் விட்டது பிழையா?

பிழை இல்லை. 2002ஆம் ஆண்டு காமன்ஹோல்ட் மற்றும் லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தின் 166ஆம் பிரிவுப்படி, நிர்ணயிக்கப்பட்ட படிவத்தில் நோட்டீஸ் வந்தால்தான் கிரவுண்ட் ரென்ட் கட்ட வேண்டிய கடமை பிறக்கும். லீஸில் "கேட்டாலும் கேட்காவிட்டாலும் கட்ட வேண்டும்" என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். நோட்டீஸ் வராத காலத்துக்கு வட்டியோ தாமதக் கட்டணமோ போட முடியாது.

ஆனால் கேட்கவில்லை என்பதற்கும் தள்ளுபடி என்பதற்கும் நிறைய தூரம். கேட்கும் உரிமை அப்படியே காத்திருக்கும்.

அந்த நோட்டீஸை நாங்களே எழுதலாமா? வாட்ஸ்அப் குரூப்பில போட்டா போதாதா?

நீங்களே எழுதலாம், சொலிசிட்டர் தேவையில்லை. வாட்ஸ்அப் போதாது. இங்கிலாந்துக்கு 2004 விதிகளிலும் வேல்ஸுக்குத் தனி விதிகளிலும் படிவம் தரப்பட்டிருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லீஸ்ஹோல்டரின் பெயர், பிளாட், தொகை, எந்தக் காலத்துக்கான வாடகை, எப்போதுக்குள் கட்ட வேண்டும், யாரிடம் கட்ட வேண்டும், ஃப்ரீஹோல்டரின் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். படிவத்தின் அடியில் இரு தரப்புக்கும் உள்ள குறிப்புகளை "இடம் போதவில்லை" என்று வெட்டிவிடுகிறார்கள். அவையும் படிவத்தின் பகுதிதான். வெட்டினால் நோட்டீஸ் செல்லாது என்று எதிர்த் தரப்பு வாதிடலாம்.

தேதியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கட்ட வேண்டிய தேதி, நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குக் குறையாமலும் 60 நாளுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். லீஸில் உள்ள தேதிக்கு முந்தியும் இருக்கக் கூடாது. டிசம்பர் 25க்கான வாடகைக்கு ஜனவரி 10 அன்று நோட்டீஸ் கொடுத்தால், நீங்கள் குறிக்கும் தேதி பிப்ரவரி 9க்கும் மார்ச் 11க்கும் இடையில் விழ வேண்டும் (லீப் ஆண்டில் மார்ச் 10). "14 நாளில் கட்டவும்" என்று எழுதிய நோட்டீஸ் வெறும் காகிதம்.

தபாலில் அனுப்பினால் அந்தப் பிளாட்டின் முகவரிக்கே அனுப்ப வேண்டும். லீஸ்ஹோல்டர் பிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் இருந்தால், இங்கிலாந்து அல்லது வேல்ஸில் உள்ள வேறு முகவரியை அவர் எழுத்தில் கொடுத்திருந்தால் மட்டுமே அங்கே அனுப்பலாம். ஃப்ரீஹோல்டர் தரப்பிலும் இதே மாதிரி ஒரு விதி உண்டு. 1987 லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 48ஆம் பிரிவுப்படி, நோட்டீஸ்கள் கொடுப்பதற்கு இங்கிலாந்து அல்லது வேல்ஸில் ஒரு முகவரி தந்திருக்க வேண்டும். ஃப்ரீஹோல்டர்கள் எல்லோரும் டொரன்டோவிலும் சென்னையிலும் போய் இருந்துகொண்டு அங்கத்தைய முகவரியை மட்டும் போட்டால் வாடகை கேட்க முடியாது.

எட்டு வருஷமா கேட்காம இருந்துட்டு இப்ப மொத்தமா கேட்கிறாங்க. கட்டணுமா?

1980 காலவரையறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி வாடகைப் பாக்கிக்கு 6 ஆண்டு வரைதான் வழக்குப் போடலாம். எட்டு ஆண்டு கேட்டால், முதல் இரண்டை மரியாதையாக மறுத்துவிடலாம். மீதி ஆறுக்கும் முந்தைய பதிலில் சொன்ன படிவம் சரியாக இருந்தால் கட்டத்தான் வேண்டும். ஆனால் பழைய ஆண்டுகளுக்கு வட்டி கேட்டிருந்தால் ஏற்காதீர்கள். நோட்டீஸில் குறித்த தேதிக்குப் பிறகுதான் தாமதம் என்ற பேச்சே தொடங்கும்.

மூன்று பேரும் ஆளுக்கு 100 கட்டி, மூன்று பேரும் 100 திருப்பி எடுக்கிறதுதானா? என்ன கூத்து இது?

மூவருக்கும் ஒரே தொகை, மூவருக்கும் சம பங்கு, ஃப்ரீஹோல்ட் சொந்தப் பெயர்களில் என்றால் உண்மையிலேயே கூத்துதான். பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை. அதில் தவறும் இல்லை.

தொகை வேறுபடும்போதுதான் வேடிக்கை போய்விடும். இரண்டு பிளாட், ஃப்ரீஹோல்டில் ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். கீழ் வீட்டு லீஸில் வாடகை 50 பவுண்டு, மேல் வீட்டு லீஸில் 250. மொத்தம் 300, ஆளுக்கு வருமானம் 150. கீழ் வீட்டுக்காரர் 50 கட்டி 150 பெறுகிறார், ஆண்டுக்கு 100 லாபம். மேல் வீட்டுக்காரர் 250 கட்டி 150 பெறுகிறார், 100 நட்டம். "நமக்குள் எதற்கு, விடுங்கள்" என்று மேல் வீட்டுக்காரர் சொல்வதும் கீழ் வீட்டுக்காரர் தலையைச் சொறிவதும் இதனால்தான்.

கம்பெனி பெயரில் இருந்தால் பணம் கம்பெனியின் பணம். இயக்குநர்கள் நினைத்தபோது எடுத்துப் பங்கிட முடியாது. உறுப்பினர்களுக்கு லாபம் பிரிக்கக் கூடாது என்று பல கம்பெனிகளின் அமைப்பு விதியிலேயே இருக்கும். பெரும்பாலும் கம்பெனியின் சொந்தச் செலவுக்கே அது போய்விடும்.

அந்தக் காசிலேயே கூரையைத் திருத்தலாமே? எதுக்குத் தனியா சர்வீஸ் சார்ஜ்?

கிரவுண்ட் ரென்ட் ஃப்ரீஹோல்டரின் வருமானம். கூரை, மழைநீர்க் குழாய், கட்டடக் காப்புறுதி எல்லாம் சர்வீஸ் சார்ஜ். ஃப்ரீஹோல்டர்கள் விரும்பினால் தங்கள் வருமானத்தைக் கூரையில் போடலாம். ஆனால் "கிரவுண்ட் ரென்ட் கட்டினேன், அதனால் கூரைக்குத் தரமாட்டேன்" என்று ஒரு லீஸ்ஹோல்டர் சொல்ல முடியாது.

இரண்டுக்கும் விதிகள் வேறு. ஒரு பிளாட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் வரும் திருத்த வேலைக்கு 1985 லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி லீஸ்ஹோல்டர்களுடன் கலந்தாலோசனை நடத்த வேண்டும். நடத்தாவிட்டால், தீர்ப்பாயம் விலக்கு அளிக்காத வரை, ஆளுக்கு 250க்கு மேல் வாங்க முடியாது. நாமே ஃப்ரீஹோல்டர்கள் என்பதால் இதில் சலுகை கிடையாது. சர்வீஸ் சார்ஜ் தகராறு இங்கிலாந்தில் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கும் வேல்ஸில் லீஸ்ஹோல்ட் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போகும். கிரவுண்ட் ரென்ட் தகராறு கவுண்டி கோர்ட்டுக்குப் போகும். இரண்டையும் ஒரே தாளில் ஒரே தொகையாகக் கேட்பது இரண்டையுமே கெடுக்கும் வழி.

ஃப்ரீஹோல்ட் வாங்கேக்க ஒரு வீட்டுக்காரர் சேரேல்லை. அவரிட்ட வாங்கலாமா?

தாராளமாக. அவருக்கு ஃப்ரீஹோல்டர் மாறியிருக்கிறார், லீஸ் மாறவில்லை. 1993 சட்டப்படி கட்டடத்தின் பாதிப் பிளாட்டுகளாவது சேர்ந்தால் ஃப்ரீஹோல்டை வாங்கலாம் என்பதால் இப்படி வெளியே நிற்பவர்கள் பல கட்டடங்களில் உண்டு. சேர்ந்தவர்கள் தங்களுக்கு 999 ஆண்டு லீஸும் வாடகை இல்லாத நிலையும் எழுதிக்கொள்வார்கள். சேராதவர் பழைய வாடகையைத் தொடர்ந்து கட்டுவார். அவருக்கு அனுப்பும் நோட்டீஸில்தான் அதிகக் கவனம் வேண்டும். அவர்தான் அதை வரி வரியாகப் படிப்பார்.

பிறகு அவர் சட்டப்படி லீஸை நீட்டிக்கக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், வாடகையும் நின்றுவிடும். அதற்கு அவர் செலுத்தும் விலை ஃப்ரீஹோல்டர்களுக்கு வரும். இழக்கும் வாடகையும் அந்த விலைக் கணக்கில் சேரும்.

ஒரேயடியா கிரவுண்ட் ரென்ட்டை இல்லாமப் பண்ண முடியுமா?

முடியும். எல்லோரும் ஒத்துப்போகும் காலத்திலேயே செய்துவிடுவது நல்லது. ஒருவர் வீட்டை விற்கக் கிளம்பிய பிறகு அவருடைய அவசரம் மற்றவருக்குப் பேரம் பேசும் கருவியாகிவிடும்.

இரண்டு வழிகள். லீஸ் இன்னும் நீண்டகாலம் இருக்கிறது என்றால் மாற்றப் பத்திரம் போதும். "இந்தத் தேதியிலிருந்து வாடகை ஒரு பெப்பர்கார்ன்" என்று எழுதுவார்கள். பெயருக்கு ஒரு மிளகு, நடைமுறையில் பூஜ்யம். ஃப்ரீஹோல்ட் சொந்தப் பெயர்களில் என்றால் பதிவேட்டில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். கம்பெனி என்றால் இரண்டு இயக்குநர்கள், அல்லது சாட்சி முன்னிலையில் ஒருவர். சாட்சி கையெழுத்தை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும், ஒப்பந்தத் தரப்பாக இருக்கக் கூடாது. மோர்கேஜ் இருந்தால் வங்கியின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் கட்டும் வாடகை குறைவதால் வங்கி மறுக்கக் காரணம் இல்லை. ஆனாலும் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். கடைசியாக ஏபி1 படிவத்தில் லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்ப வேண்டும், லீஸ் எண்ணும் ஃப்ரீஹோல்ட் எண்ணும் இரண்டும் போட்டு. பத்திரத்தை எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வாங்க வருபவரின் சொலிசிட்டர் பதிவேட்டைத்தான் பார்ப்பார்.

லீஸ் 80, 90 ஆண்டுக்குள் இறங்கிவிட்டது என்றால் இரண்டாவது வழியான புதிய 999 ஆண்டு லீஸே சிக்கனம். எப்படியும் அதைச் செய்யத்தான் போகிறீர்கள், வாடகைக்காகத் தனியே ஒரு பத்திரச் செலவு எதற்கு? மேலே பார்த்த 50–250 வீட்டில் இரண்டையும் பூஜ்யமாக்கினால் கீழ் வீட்டுக்காரர் ஆண்டுக்கு 100 பவுண்டு இழக்கிறார். ஒரு சிறு தொகையைக் கொடுத்து அதைச் சரிக்கட்டினால் காரியம் நடக்கும்.

லீஸை 999 வருஷத்துக்கு நீட்டினா, பழைய வாடகையையும் அப்படியே எழுதிக்கலாமா?

2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ள கிரவுண்ட் ரென்ட் சட்டம் இதைத் தடுக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு விலை வாங்கிக்கொண்டு எழுதும் புதிய நீண்டகால லீஸில் வாடகை பெப்பர்கார்ன்தான். பேசி முடித்து நீட்டும்போது, பழைய லீஸில் மீதமிருந்த ஆண்டுகளுக்குப் பழைய வாடகை தொடரலாம், உயர்த்த முடியாது. நீட்டிய பகுதிக்கு எதுவும் கேட்க முடியாது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 500 முதல் 30,000 பவுண்டு வரை அபராதம்.

இதில் ஒரு பொறி உண்டு. "புதிய லீஸ் வேண்டாம், மாற்றப் பத்திரத்தில் ஆண்டுகளை மட்டும் கூட்டிவிடுவோம்" என்று செய்தாலும், காலத்தை நீட்டினால் சட்டம் அதைப் பழைய லீஸை ஒப்படைத்துப் புதிய லீஸ் எடுத்ததாகவே பார்க்கும். வாடகையை மட்டும் குறைக்கும் பத்திரத்துக்கு இந்த விளைவு இல்லை. 2022க்கு முன் எழுதி இன்றுவரை நீட்டாத லீஸ்களை இந்தச் சட்டம் தொடாது.

எங்கட கம்பெனி டோர்மன்ட்தானே? வாடகை வாங்கினா என்ன ஆகும்?

கம்பெனியின் கணக்கில் வாடகை வரவு வைத்த ஆண்டில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸுக்கு டோர்மன்ட் கணக்கு, அதாவது வரவு செலவு நடக்காத கம்பெனிக்கான கணக்கு, கொடுக்க முடியாது. சிறு கம்பெனிக்கான வழக்கமான கணக்குத் தேவை. அந்த வாடகை வரிக்குரிய வருமானமும்கூட. 300 பவுண்டு வாங்க கணக்காளருக்கு அதைவிட அதிகம் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. வாடகையை ஒழிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

டோர்மன்டோ இல்லையோ, ஆண்டுக் கணக்கும் உறுதிப்படுத்தும் அறிக்கையும் அனுப்பியே ஆக வேண்டும். கணக்கு ஒரு நாள் பிந்தினாலும் 150 பவுண்டு, ஆறு மாதம் தாண்டினால் 1,500. தொடர்ந்து அனுப்பாவிட்டால் கம்பெனியைப் பதிவிலிருந்து நீக்கிவிடுவார்கள். அன்றே ஃப்ரீஹோல்ட் கிரவுனுக்கு, அதாவது அரசுக்கு, போய்விடும். இயக்குநராக இருந்தவர் வீட்டை விற்றுப் போய், கடிதங்கள் அவருடைய பழைய முகவரிக்கே வந்துகொண்டிருந்த கட்டடங்களில் இது நடக்கிறது. 6 ஆண்டுக்குள் மீட்க வழி உண்டு, ஆனால் செலவும் மாதங்களும் போகும்.

சொந்தப் பேர்ல இருந்தா வரி உண்டா?

உண்டு, ஆனால் பெரும்பாலும் பூஜ்யமாகிவிடும். உங்கள் பங்குக்கு வரும் வாடகை உங்கள் சொத்து வருமானம். ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை சொத்து வருமான விலக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உண்டு. வேறு வீட்டை வாடகைக்கு விட்டு அந்தக் கணக்கில் செலவுகளைக் கழிக்கிறவர் இந்த விலக்கையும் சேர்த்து எடுக்க முடியாது. அவர் கிரவுண்ட் ரென்ட்டையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும்.

மேல் வீட்டுக்காரர் அனுமதி கேட்காம சுவரை உடைச்சுட்டார். இந்த வருஷ வாடகை நோட்டீஸை அனுப்பலாமா?

பொறுங்கள். லீஸ் மீறல் நடந்தது தெரிந்த பிறகு வாடகை கேட்டால், அல்லது வாங்கினால், "இந்த லீஸ் தொடரட்டும்" என்று ஃப்ரீஹோல்டர் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அந்த மீறலைக் காட்டி லீஸைப் பறிக்கும் உரிமை போய்விடும். சுவரை உடைப்பது ஒரே தடவை நடந்து முடிந்த மீறல், அதனால் உரிமை திரும்ப வராது. நட்டஈடு கேட்கும் உரிமையும், சரிசெய்யச் சொல்லும் உரிமையும் இருக்கும்.

உங்கள் சார்பில் வாடகை வசூலிக்கும் ஏஜென்ட் கணினியிலிருந்து தானாக அனுப்பும் நோட்டீஸும் இதே விளைவைத் தரும். தகராறு தொடங்கிய அன்றே அவருக்கு எழுதி நிறுத்துங்கள். சொலிசிட்டரைப் பார்த்த பிறகு மறுபடி தொடங்கலாம். வாடகையே பெப்பர்கார்ன் என்றால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி எழுவதில்லை.

வாடகை கட்டாட்டி வீட்டையே பறிக்கலாம்னு பயமுறுத்துறாங்க. உண்மையா?

சிறு பாக்கிக்கு இல்லை. வாடகை, சர்வீஸ் சார்ஜ், நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 350 பவுண்டைத் தாண்டாமல், எந்தப் பாக்கியும் 3 ஆண்டுக்கு மேல் பழையதாக இல்லாமல் இருந்தால் லீஸைப் பறிக்க முடியாது. தாண்டினாலும் கோர்ட் வழியாகத்தான். பணத்தைக் கட்டினால் லீஸ் பெரும்பாலும் பிழைத்துவிடும். நிஜத்தில் நடப்பது வேறு: பாக்கி பற்றி மோர்கேஜ் வங்கிக்கு எழுதுவார்கள், வங்கி கட்டிவிட்டு உங்கள் கடனில் ஏற்றிவிடும்.

வீட்டை விற்கும்போது கிரவுண்ட் ரென்ட் பற்றி என்ன கேட்பாங்க?

எல்பிஈ1 என்ற கேள்விப் படிவம் ஃப்ரீஹோல்டர் தரப்புக்கு வரும். சின்ன வீட்டில் அந்தத் தரப்பும் நீங்களே, அதனால் மற்ற ஃப்ரீஹோல்டர்களின் ஒப்புதலோடு நிரப்புங்கள். கடைசியாகக் கட்டிய வாடகைக்கான ரசீதைக் கேட்பார்கள். அந்த ரசீது இருந்தால், லீஸ் நிபந்தனைகள் அதுவரை நிறைவேற்றப்பட்டதாக வாங்குபவர் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ரசீதே இல்லையென்றால், "வாடகை கேட்கப்படவில்லை, பாக்கி எதுவும் இல்லை, பின்னாலும் கேட்க மாட்டோம்" என்று எல்லா ஃப்ரீஹோல்டர்களும் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். விற்பனைப் பேச்சு தொடங்கும் முன்பே அதை வாங்கி வையுங்கள். ஒருவர் கொழும்புக்குப் போய்விட்டால் மாதம் ஒன்று ஓடிவிடும்.

பிளாட்டோடு ஃப்ரீஹோல்ட் பங்கும் கைமாற வேண்டும். கம்பெனி என்றால் பங்குமாற்றப் படிவம், அல்லது உறுப்பினர் மாற்றம். சொந்தப் பெயர்களில் என்றால் டிஆர்1 பத்திரம், பதிவேட்டில் உள்ள எல்லோரும் கையெழுத்து. பதிவேட்டில் நான்கு பேருக்கு மேல் இருக்க முடியாது, அதனால் ஆறு பிளாட் உள்ள இடத்தில் நால்வர் மற்றவர்களுக்காகவும் வைத்திருப்பார்கள். அந்த நால்வரில் ஒருவர் விற்றால் அவர் பெயரை நீக்கி வேறொருவரைச் சேர்க்க மறக்காதீர்கள். கூட்டு உரிமையாளர் இறந்திருந்தால் டிஜேபி படிவத்தோடு இறப்புச் சான்றிதழை அனுப்பி அவர் பெயரை எடுக்க வேண்டும். இதை விட்டால், பத்து ஆண்டுக்கு முன் விற்றுப்போன ஒருவரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கும்வரை அந்தக் கட்டடத்தில் வாடகையை நீக்கும் பத்திரமும் எழுத முடியாது, அடுத்தவர் பிளாட்டையும் ஒழுங்காக விற்க முடியாது.